ஏற்றுமதி போக எஞ்சியது: மொண்டேவீடியோவின் பரிஷாதா

மொண்டேவீடியோவின் குடியிருப்புப் பகுதிகளில் இரவு ஒன்பது மணிக்குமேல் நடப்பவருக்கு உணவகத்தைக் காட்டிக்கொடுப்பது விறகுப் புகை. புகை வரும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு மேசைகள் கொண்ட சிறு கடை ஒன்று இருக்கும். அதன் பொதுப்பெயர் 'பரிஷாதா'. அடுப்பு பின்கட்டில் ஒளிந்திருப்பதில்லை. வருவோர் கண்ணில் படும்படி செங்கல் சுவரையொட்டி அமைந்திருக்கும். ஒரு பக்கம் இரும்புக் கூடை. அதில் விறகு எரியும். எரிந்து உதிரும் கங்குகளை அடுப்புக்காரர் நீண்ட கோலால் இழுத்து, சாய்வாகப் பொருத்திய கம்பித் தட்டின் அடியில் பரப்புவார். இறைச்சியை வேகவைப்பது தணல்தான். தீயின் நாக்கு அதைத் தொடுவதில்லை. மசாலா எதுவும் கிடையாது, கல்லுப்பு மட்டுமே. ஆற்றுக்கு அக்கரையிலுள்ள அர்ஜென்டினாவில் கரி புழங்கும் இடத்தில் இங்கே விறகுதான் வேண்டும் என்பதில் உருகுவே மக்களுக்குப் பெருமிதம் உண்டு. அண்டை நாட்டோடு அவர்கள் தீர்க்காமல் வைத்திருக்கும் பல வழக்குகளில் இதுவும் ஒன்று.

ஸ்பெயின் நாட்டவர் 'பரியாதா' என்று ஒலிக்கும் சொல் இது. பிளாட்டா ஆற்றின் இரு கரைகளிலும் அதில் வரும் இரட்டை லகரம் 'ஷ' ஆகிவிடும். சுடும் கம்பித் தட்டுக்குப் 'பரிஷா' என்று பெயர். திராட்சைக் கொடியைக் குறிக்கும் 'பர்ரா' என்ற சொல்லின் சிறுமைப் பொருள் வடிவம் அது. கொடி ஏறும் பந்தலின் பின்னல் தோற்றம் அடுப்பின் கம்பிக்குப் பெயராகியிருக்கிறது.

இத்தகைய கடையின் உணவுப் பட்டியல் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. முதலில் தொத்திறைச்சி. அடுத்து மாட்டு இரத்தத்தைக் குடலில் அடைத்துச் செய்த 'மொர்சிஷா'; உலர்திராட்சையும் அக்ரூட்டும் சேர்த்த இனிப்பு வகையும் அதில் உண்டு. பிறகு உள்ளுறுப்புகள்: கன்றின் கழுத்தடிச் சுரப்பியான 'மொஷேஹா', மொறுமொறுப்பாகச் சுட்ட சிறுகுடலான 'சின்சுலின்', சிறுநீரகம். இவை அனைத்துக்கும் சேர்த்து 'அச்சூரா' என்று பெயர். அதன் பிறகே சதைப்பகுதிகள்: விலா எலும்பைக் குறுக்கே அறுத்த 'அசாதோ தே திரா', வயிற்றுப் பக்கத்து 'வசீயோ', 'அந்த்ரெகோத்', 'பேபி பீஃப்'. கூடவே கீரை இலை, தக்காளி, வெங்காயம் கலந்த ஒரு தட்டு, ரொட்டி, தனா திராட்சையில் செய்த கடைச்சொந்த ஒயின். தனாவை 1870களில் சால்ட்டோ பகுதியில் நட்டுப் பெருக்கியவர் பாஸ்க் நாட்டுக் குடியேறி பாஸ்குவால் அரியாகே.

மொழியியல் பயின்ற கண்ணுக்கு இந்தப் பட்டியல் ஒரு மண்ணடுக்குப் போலத் தெரியும். 'அசாதோ', 'சொரீசோ', 'வசீயோ' ஆகியவை ஸ்பானியச் சொற்கள். 'பேபி பீஃப்' அப்படியே ஆங்கிலம். மாட்டுச் சதைத் துண்டுக்கு வழங்கும் 'பீஃபெ'யும் ஆங்கிலத்திலிருந்து வந்ததே. 'அந்த்ரெகோத்' பிரெஞ்சு. குடலைக் குறிக்கும் 'சின்சுலின்' ஆண்டிஸ் மலையின் கெச்சுவா மொழிச் சொல். 'அச்சூரா'வையும் அகராதிகள் பங்கிடுதல் என்னும் பொருளுடைய கெச்சுவா வினைச்சொல் ஒன்றோடு இணைக்கின்றன. விலை மிகுந்த துண்டுகளுக்கு வாங்குவோரின் மொழியிலும், கழித்துப் போட்ட உறுப்புகளுக்கு ஆண்டிஸ் மக்களின் மொழியிலும் பெயர் அமைந்திருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. யார் எதைத் தின்றார்கள் என்ற கணக்கு அந்தப் பெயர்களில் படிந்திருக்கிறது.

அந்தக் கணக்கு 1611இல் தொடங்குகிறது. அசுன்சியோனில் பிறந்து ஆளுநரான எர்னாந்தாரியாஸ் அந்த ஆண்டிலும், பிறகு 1617இலும் உருகுவே ஆற்றின் கிழக்குக் கரையில் மாடுகளைக் கொண்டுவந்து விட்டார் என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. கரையேறிய மாடுகளுக்கு முன்னால் எல்லையற்ற புல்வெளி, நீருக்குப் பஞ்சமில்லை, வேலியும் உரிமையாளரும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்குள் அவை காட்டு மந்தைகளாகப் பெருகின. 1680இல் போர்த்துக்கீசியர் கொலோனியா நகரை நிறுவியதற்கும், அதற்கு எதிராக ஸ்பானியர் 1720களில் மொண்டேவீடியோவை எழுப்பியதற்கும் பின்னால் இருந்த காரணங்களுள் இந்த மந்தைகளின் தோலும் ஒன்று.

தோல் மட்டும்தான். 'வக்கேரியா' எனப்பட்ட மாட்டு வேட்டையில் குதிரை வீரர்கள் நீண்ட கழியின் நுனியில் பிறைவடிவக் கத்தியைப் பொருத்திக்கொண்டு, ஓடும் மாட்டின் பின்னங்கால் நரம்பை அறுத்து வீழ்த்துவார்கள். பின்னால் வருபவர்கள் கொன்று தோலை உரிப்பார்கள். சில சமயம் நாக்கையும் கொழுப்பையும் எடுத்துக்கொள்வார்கள். எஞ்சிய உடல் கழுகுக்கும் காட்டு நாய்க்கும் போகும். ஐரோப்பாவின் செருப்புக்கும் சேணத்துக்கும் தோல் வேண்டியிருந்தது. அந்தத் தொலைவுக்கு இறைச்சியைக் கெடாமல் கொண்டுபோக வழியில்லை. இவ்வாறு உலகச் சந்தை கிழக்குக் கரையில் விட்டுச்சென்ற முதல் எச்சம் முழு மாட்டின் இறைச்சி.

அந்த எச்சத்தில் வாழ்ந்தவர்களைப் பற்றி 1770களின் பயணநூல் ஒன்றில் புகழ்பெற்ற பகுதி உண்டு. ஸ்பானிய அஞ்சல்துறை ஆய்வாளர் அலோன்சோ கார்ரியோ தே லா வந்தேரா, கொங்கோலொர்கோர்வோ என்ற புனைபெயரில் எழுதிய நூல் அது. மொண்டேவீடியோவைச் சுற்றித் திரிந்த 'கௌதேரியோ'க்களை அவர் அதில் வருணிக்கிறார். பிற்காலத்தில் 'கௌச்சோ' எனப்பட்டவர்களின் முன்னோடிகள் இவர்கள். ஒரு நாள் நாக்கைச் சுட்டுத் தின்ன மட்டுமே ஒரு பசுவைக் கொல்வார்கள். மறுநாள் எலும்பு மச்சைக்காக ஒன்று. இன்னொரு நாள் விலாவுக்கும் தோலுக்கும் இடையிலுள்ள மெல்லிய சதையான 'மத்தாம்ப்ரே'க்காக ஒன்று. அந்தச் சொல்லைப் பிரித்தால் 'பசியைக் கொல்வது' என்று பொருள். அந்தச் சதை இன்றும் பரிஷாதாக்களில் உண்டு.

இந்தப் பகுதியைக் கௌச்சோவின் ஊதாரித்தனத்துக்குச் சான்றாக மேற்கோள் காட்டுவோர் பலர். அஞ்சல் ஆய்வாளரின் கண்ணுக்கு அப்படித்தான் பட்டது. ஆனால் ஒரு மாட்டை நாக்குக்காகக் கொன்றவனுக்கும், ஓராயிரம் மாடுகளைத் தோலுக்காகக் கொன்று அழுகவிட்ட வணிகனுக்கும் இடையில் ஊதாரி யார் என்ற கேள்வி அவர் நூலில் எழவில்லை. முதலாமவன் சோம்பேறி என்றும் இரண்டாமவன் தொழில்முனைவோன் என்றும் பதிவானது அந்த நூலோடு முடிந்துவிட்ட வழக்கமும் அல்ல.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இறைச்சிக்கும் விலை கிடைத்தது. 1780கள் முதல் 'சலதேரோ' என்னும் உப்பிடும் ஆலைகள் தோன்றின. மாட்டின் சதையை மெல்லிய தகடுகளாகக் கிழித்து, உப்பிட்டு அடுக்கி, வெயிலில் காயவைத்தார்கள். நம் ஊர் உப்புக்கண்டம்தான். அளவு மட்டும் ஆலை அளவு. ஸ்பானிய மொழியில் அதற்குத் 'தசாஹோ' என்று பெயர். 'சார்க்கி' என்ற இணைச்சொல் கெச்சுவாவிலிருந்து வந்தது; ஆங்கிலத்தின் 'ஜெர்க்கி'யும் அதன் வழிவந்ததே. ஐரோப்பியர் இதைச் சீண்டவில்லை. கியூபாவின் கரும்புத் தோட்டங்களும் பிரேசிலின் தோட்டங்களும் தங்கள் அடிமைகளுக்கு உணவாக இதை வாங்கின. நூறாண்டுக்காலம் உருகுவேயின் செல்வம் இந்த வாணிபத்தோடு பிணைந்திருந்தது. கியூபாவில் 1886இலும் பிரேசிலில் 1888இலும் அடிமைமுறை ஒழிந்தபோது உப்பிறைச்சி ஆலைகளின் எதிர்காலமும் சுருங்கத் தொடங்கியது. மொண்டேவீடியோக்காரர்கள் பச்சை இறைச்சியைத் தணலில் சுட்டு உண்டதையும், அதே மாட்டின் காய்ந்த சதை கரும்புக்காட்டில் அளந்து கொடுக்கப்பட்டதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

இதற்கிடையில் நிலம் யாருக்கு என்ற கேள்வி இருமுறை எழுந்து இருமுறையும் ஒரே பக்கமாக முடிந்தது. 1815இல் ஹோசே ஆர்த்திகாஸ் வெளியிட்ட நில ஒழுங்குமுறை, எதிரிகளின் பண்ணைகளைப் பறித்து விடுதலை பெற்ற கறுப்பினத்தார், பழங்குடியினர், ஏழைக் குடிகள் ஆகியோருக்கு முன்னுரிமை தந்து பங்கிடச் சொன்னது. அடுத்த ஆண்டே போர்த்துக்கீசியப் படை புகுந்தது, ஆர்த்திகாஸ் 1820இல் பராகுவேக்கு வெளியேறினார், பங்கீடு கலைந்தது. இரண்டாவது நிகழ்வு இன்னும் கொடியது. விடுதலை பெற்ற குடியரசின் முதல் குடியரசுத் தலைவர் புருக்துவோசோ ரிவேரா, 1831 ஏப்ரலில் சால்சிபுவேதெஸ் ஓடைக்கரையில் சர்ருவா பழங்குடியினரை வரவழைத்துப் படையை ஏவிக் கொன்றார். மாட்டு மந்தைகளைச் சூறையாடுகிறார்கள் என்ற பண்ணையாரின் முறையீடு அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. உயிர் தப்பியவர்களுள் நால்வர் 1833இல் பாரிசுக்குக் கொண்டுபோகப்பட்டுக் காட்சிப்பொருளாக்கப்பட்டனர். சர்ருவா மொழியில் இன்று நம் கையில் இருப்பவை ஏறக்குறைய எழுபது சொற்களும் தொடர்களுமே. பரிஷாதாவின் பட்டியலில் ஆண்டிஸ் மலைச் சொல் உண்டு, ஆங்கிலச் சொல் உண்டு; அந்தப் புல்வெளியில் முதலில் வாழ்ந்தவர்களின் சொல் ஒன்றுகூட இல்லை.

பிறகு வேலி வந்தது. 1875ஆம் ஆண்டின் ஊரகச் சட்டமும், 1876 முதல் 1880 வரை ஆண்ட படைத்தலைவர் லாத்தோரேயின் இரும்புக்கரமும் சேர்ந்து நாட்டைக் கம்பியால் அடைத்தன. வேலியிட்ட பண்ணைக்கு மேய்ப்பர் பலர் தேவையில்லை. வேலையும் நிலமும் இழந்தவர்கள் பண்ணைகளின் விளிம்பில் குடிசை போட்டார்கள். அந்தச் சேரிகளுக்கு 'எலியூர்கள்' என்று பெயர் விழுந்தது. கண்ட மாட்டைப் பிடித்துச் சுட்டுத் தின்பது இப்போது திருட்டு. கௌச்சோ வாழ்க்கை மறைந்துகொண்டிருந்த இந்தக் காலத்தில்தான் அவன் ஓவியத்திலும் கவிதையிலும் நாயகனானான். பரிஷாதாவில் உணவின் முடிவில் பாலாடைக்கட்டித் துண்டின்மேல் சீமைமாதுளைப் பாகுக்கட்டி வைத்துத் தரும் ஓர் எளிய இனிப்பு உண்டு. அதன் பெயர் 'மார்ட்டின் பியர்ரோ'. வாழ்விழந்த கௌச்சோவைப் பாடி அர்ஜென்டினாவின் ஹோசே எர்னாந்தெஸ் 1872இல் வெளியிட்ட காவியத்தின் பெயரே அது.

உருகுவே ஆற்றங்கரையிலுள்ள பிராய் பெந்தோஸ் என்ற சிற்றூரைக் குறிப்பிடாமல் இந்த வரலாறு நிறைவடையாது. ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் கண்டுபிடித்த இறைச்சிச் சாறு, ஐரோப்பாவில் மாட்டின் விலையால் கட்டுப்படியாகவில்லை. ஒரு கிலோ சாற்றுக்கு முப்பது கிலோவுக்குமேல் இறைச்சி தேவைப்பட்டது. தோலுக்காக மாடு கொல்லப்படும் நாட்டில் அந்தக் கணக்கு எளிதாகக் கூடிவந்தது. கியோர்க் கீபர்ட் என்ற பொறியாளர் 1863இல் அங்கே ஆலை வேலையைத் தொடங்கினார். 1865இல் லண்டனில் லீபிக் நிறுவனம் பதிவாயிற்று. சாறும், பின்னர் டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சியும் அங்கிருந்து உலகெங்கும் போயின. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் பிரித்தானியச் சிப்பாய்கள் தின்றது இந்த டப்பா. 1917இல் பாஷன்டேல் சமரில் ஈடுபட்ட பீரங்கி வண்டி ஒன்றுக்கே 'பிராய் பெந்தோஸ்' என்று பெயர் இருந்தது. மாட்டின் கதறலைத் தவிர எதுவும் வீணாகவில்லை என்று அந்த ஊரில் இன்றும் சொல்வதுண்டு. 1979இல் மூடப்பட்ட அந்த ஆலை வளாகத்தை யுனெஸ்கோ 2015இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பரிஷாதாவின் இன்றைய பட்டியல் உருவானதில் பெரும்பங்கு குளிர்பதன ஆலைகளுக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உறைந்த இறைச்சி கப்பலேறத் தொடங்கியது. 1910களில் சிகாகோவின் ஸ்விஃப்ட், ஆர்மர் நிறுவனங்கள் மொண்டேவீடியோவின் சேர்ரோ குன்றுப் பகுதியில் கால்பதித்தன. 1834இல் 'வீஷா கொஸ்மோபோலிஸ்' என்ற பெயரில் குடியேறிகளுக்காக நிறுவப்பட்ட ஊர் அது. அங்குள்ள தெருக்களுக்கு நாடுகளின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். ஆலை வேலைக்கு லித்துவேனியர், ரஷ்யர், ஆர்மேனியர், ஸ்பானியர், இத்தாலியர் வந்து சேர்ந்தார்கள். நல்ல சதைப்பகுதிகள் குளிரூட்டிய கப்பலில் லண்டனின் ஸ்மித்ஃபீல்டு சந்தைக்குப் போயின. விரைவில் கெடும் உள்ளுறுப்புகளும், எலும்பு மிகுந்த விலாப்பகுதியும், இரத்தமும் பெரும்பாலும் உள்ளூரிலேயே தங்கின.

அசாதோ தே திராவின் வடிவமே இதற்குச் சாட்சி. கௌச்சோ விலாப்பகுதியை முழுதாகக் கம்பில் கோத்துத் தீயருகே நட்டுச் சுட்டான். அவனிடம் இருந்தது கத்தி. எலும்பைக் குறுக்கே சீராக அறுத்த பட்டைக்கு வாள்ரம்பம் வேண்டும். இந்த வெட்டுமுறையை ஆலைகளின் ரம்பமே தந்தது என்று ஆற்றின் இரு கரைகளிலும் சொல்கிறார்கள். கதை எந்த அளவுக்கு உண்மையானாலும், ஆலைக்காலத்துக்கு முந்தைய புல்வெளியில் அந்தத் துண்டு பொதுவழக்காக இருந்திருக்க வழியில்லை. கௌச்சோவின் மரபு என்று சுற்றுலா ஏடுகள் போற்றும் உணவு தொழிற்சாலைத் தொழிலாளியின் உணவு என்பதே பொருத்தம். இன்றும் நகரில் கட்டடம் எழும் இடங்களில் நண்பகலில் கொத்தனார்கள் விறகு மூட்டி விலாப்பட்டையைச் சுடுவதைக் காணலாம். எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து செய்த 'மெதியோ தாங்கே' அடுப்பு தெருமுனைகளில் நிற்கும். பரிஷாதா அந்த அடுப்புக்குக் கூரையும் மேசையும் போட்டுக் கொடுத்த இடம்.

எஞ்சியதை உண்டவர்கள் அதை உரிமையாகவும் மாற்றினார்கள். 1928இல் அரசு நிறுவிய தேசியக் குளிர்பதன ஆலைக்குப் பின்னர் தலைநகருக்கு இறைச்சி வழங்கும் பொறுப்பு அதன் கையில் இருந்தது. ஆலைத் தொழிலாளருக்குக் கூலியோடு நாளொன்றுக்கு இரண்டு கிலோ இறைச்சி தரும் வழக்கம் ஏற்பட்டது. அமெரிக்க நிறுவனங்கள் 1957இல் ஆலையை மூடிவிட்டுப் போனபின் தொழிலாளரே அவற்றை எடுத்து நடத்திப் பார்த்தார்கள். 1969இல், பச்சேக்கோ ஆட்சியில், அந்த இரண்டு கிலோ பறிக்கப்பட்டது. அதற்கெதிரான வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீடித்துத் தோற்றது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு கிலோ இறைச்சி அற்பமாகத் தோன்றலாம். ஒரு குடும்பத்தின் இரவு உணவும், மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் கௌரவமும் அதில் அடங்கியிருந்தன. லண்டனுக்குப் போவது போக எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்ற ஒப்புதலாகவே அவர்கள் அதைப் பார்த்தார்கள்.

அதே ஆண்டுகளில் 'வேதா' என்ற தடையும் வந்துபோனது. அந்நியச் செலாவணி வேண்டி, உள்நாட்டில் மாட்டிறைச்சி விற்பதையே அரசு சில காலத்துக்கு நிறுத்தியது. 1970களின் தொடக்கத்தில் இது கடுமையாக இருந்தது. மனிதரைவிட மாடுகள் பன்மடங்கு அதிகமுள்ள நாட்டின் தலைநகரில் மக்கள் கோழிக்கும் ஆட்டுக்கும் மாறினார்கள். மாட்டிறைச்சி மறைவாகக் கைமாறியது. ஏற்றுமதி என்ற சொல்லின் முழுப்பொருளையும் மொண்டேவீடியோவாசிகள் அப்போது தட்டில் பார்த்தார்கள். முப்பதாண்டுகளுக்குப் பின், 2005இல் கால்நடைத்துறை அமைச்சரான ஹோசே முகீகா, விலாப்பட்டையை மலிவு விலைக்கு விற்கும்படி ஆலைகளோடு உடன்பாடு செய்தார். 'பெப்பேயின் அசாதோ' என்று அது பெயர்பெற்றது. மற்ற நாட்டு அமைச்சர்கள் அரிசி விலைக்கும் ரொட்டி விலைக்கும் அஞ்சுவார்கள். அங்கே விலா எலும்பின் விலை அரசியலாகும்.

இன்றைய உருகுவேயில் ஏறக்குறைய 35 லட்சம் மக்கள், சுமார் 1.2 கோடி மாடுகள். 2006 முதல் ஒவ்வொரு கன்றுக்கும் காதில் அடையாள வில்லை கட்டாயம். எந்தப் பண்ணையில் பிறந்து எந்த ஆலையில் முடிந்தது என்று வாங்குபவர் அறியலாம். உற்பத்தியின் பெரும்பகுதி கப்பலேறுகிறது. சீனா இன்று முதன்மை வாங்குநர். முன்பு நாய்க்குப் போட்ட உறுப்புகளுக்கும் இப்போது ஆசியாவில் விலை உண்டு. மொஷேஹா சில கடைகளில் சதைத்துண்டின் விலையை எட்டிவிட்டது. ஏற்றுமதி உயரும்போதெல்லாம் உள்ளூர் விலையும் உயர்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப அண்மைக் காலமாகப் பிரேசிலிலிருந்தும் பராகுவேயிலிருந்தும் மாட்டிறைச்சி இறக்குமதியாகிறது. தெருமுனைப் பரிஷாதாவில் தட்டுக்கு வரும் துண்டு எல்லைக்கு அப்பால் வளர்ந்த மாட்டினதாகவும் இருக்கலாம்.

பிரேசில் மந்தைகளில் மிகுதியானவை 'நெலோரே' இனத்தவை. வெள்ளை நிறமும் திமிலும் கொண்ட அந்த மாடுகளின் முன்னோர், பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கி 1960களின் முற்பகுதி வரை பல தவணைகளில் இந்தியாவிலிருந்து கப்பலேறிச் சென்ற ஓங்கோல் மாடுகள். முந்தைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டப் பெயரே போர்த்துக்கீசிய நாவில் நெலோரே ஆயிற்று.